பாதி காலியா இருக்கிற ஒரு கரிக்கட்டை

ரெண்டு ராத்திரியா ஒரு சின்னக் கணக்கு எனக்கு உதைச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒரு சிறுகோளோட பிரகாச எண் தெரிஞ்சா அது எத்தனை கிலோமீட்டர் அகலம்னு சொல்ற ஃபார்முலா ஒண்ணு இருக்கு, வானியல் பக்கம் கொஞ்சம் ஒதுங்கினவங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், 1329ங்கிற ஒரு எண்ணை எடுத்து அந்தக் கல்லு எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புதுங்கிற பின்னத்தோட வர்க்கமூலத்தால வகுத்து, அப்புறம் பிரகாச எண்ணுக்காக ஒரு தடவை குறைச்சுக்கணும், அவ்வளவுதான், ஸ்கூல் பையன் போட்டுருவான். மதில்ட்ங்கிற சிறுகோளுக்கு நான் போட்டா 27 கி.மீ.னு வருது. அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயே ஒரு விண்கலம் போய்ப் படம் எடுத்து அளந்து சொன்னது 53 கி.மீ. எங்கயோ ஒரு ரெண்டால பெருக்காம விட்டுட்டோம்னு நெனச்சு ஸ்ப்ரெட்ஷீட்ல ஒவ்வொரு செல்லா நோண்டினேன், ஒண்ணும் கிடைக்கல.

மூணாவது நாள்தான் மண்டையில உறைச்சுது. ஃபார்முலா சரி, பிரகாச எண்ணும் சரி (10.2), ஆனா ஆல்பிடோ, அதான் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பற அந்தப் பின்னம், அதோட கட்டத்துல வேற ஏதோ கல்லுக்காக முன்னாடி போட்ட 0.2 அப்படியே கிடக்குது. அதாவது இந்தக் கல்லு மேல விழற வெளிச்சத்துல அஞ்சுல ஒரு பங்கு திரும்பி வருதுன்னு நான் சொல்லி வெச்சிருக்கேன். நிஜத்துல வர்றது நூத்துக்கு நாலு. 0.04னு மாத்தின உடனே 60 கி.மீ.னு வந்து நின்னுச்சு. 53க்கும் 60க்கும் இன்னும் வித்தியாசம் இருக்குதான், ஆனா கோணல்மாணலா இருக்கற ஒரு கல்லுக்கு எங்கயோ தூரத்துல இருந்து போடற கணக்குல அவ்வளவு பிசகு வரத்தான் செய்யும், அதை மன்னிச்சு விட்டுடலாம்.

தப்பு பண்ணினதுல ஒரு லாபம். அந்த நூத்துக்கு நாலுங்கிற நம்பர் அன்னிக்குத்தான் எனக்கு நிஜமா உறைச்சுது. நம்ம கண்ணுக்கு ஒரே அளவு மங்கலாத் தெரியற ரெண்டு புள்ளியில ஒண்ணு 27 கி.மீ. வெளுப்புக் கல்லா இருக்கலாம், இன்னொண்ணு 60 கி.மீ. கரிக்கல்லா இருக்கலாம், வெறும் டெலஸ்கோப் வெச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். கருப்பா இருக்கறவன் அளவுல ஏமாத்துவான்.

கல்லோட முழுப்பேரு 253 மதில்ட். பிரெஞ்சுப் பெண் பேரு, நம்ம எழுத்துல எழுதினா மதில் ஞாபகம் வருது, ஆனா மதில் மாதிரி கெட்டியான சாமானே இல்ல இது, அந்தக் கதைக்குத்தான் வரப்போறேன்.

1885 நவம்பர் 12ஆம் தேதி வியன்னாவுல யோஹான் பலிசா கண்டுபிடிச்சது. மனுஷன் வாழ்நாள்ல மொத்தம் 122 சிறுகோள் கண்டுபிடிச்சிருக்கார், எல்லாமே கண்ணால பார்த்து. ஃபோட்டோ எடுத்து சிறுகோள் தேடற பழக்கமே 1891ல மாக்ஸ் வோல்ஃப்தான் ஆரம்பிச்சு வெச்சார். அதுக்கு முன்னாடி எல்லாம், நட்சத்திர மேப்பை ஒரு பக்கம் வெச்சுக்கிட்டு டெலஸ்கோப்ல கண்ணை வெச்சு, மேப்ல இல்லாத புள்ளி எது, நேத்து இருந்த இடத்துல இன்னிக்கு இல்லாத புள்ளி எதுன்னு தேடறது. இன்னிக்கு ஒரு ராத்திரியில மெஷின் பண்ற வேலை, அவர் குளிர்ல உக்காந்து கண்ணு வலிக்கப் பண்ணியிருக்கார். அந்தக் காலத்துல அவருக்குக் காசும் தட்டுப்பாடு. 1886 ஆகஸ்ட்ல வந்த முழு சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போகப் பயணச் செலவு வேணும்னு, 244ஆம் நம்பர் சிறுகோளுக்குப் பேர் வெக்கற உரிமையை 50 பவுண்டுக்குத் தர்றேன்னு 1885ல விளம்பரமே கொடுத்தார். அந்த 244க்குக் கடைசியில கிடைச்ச பேரு சீதா. நம்ம ராமாயணத்துச் சீதாதான். இது எனக்குத் தெரிய வந்தப்ப ஒரு பத்து நிமிஷம் தனியா சிரிச்சுக்கிட்டு இருந்தேன். மதில்டுக்கு வந்தது அந்த மாதிரி விலை போன பேரு இல்ல. பாரிஸ் வானாய்வுக்கூடத்துல இருந்த லெபெஃப்ங்கிறவர்தான் முதல்ல இதோட பாதையைக் கணக்கு போட்டார், அங்கயே மேலதிகாரியா இருந்த வானியலாளர் மொரிட்ஸ் லோவியோட மனைவி பேரை வெச்சுட்டாங்க.

பாதையைச் சொல்லிடறேன், சீக்கிரமாவே முடிச்சுக்கறேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல இருக்கற பட்டையில ஏறக்குறைய நடுப்பகுதியில சுத்துது. சூரியன்ல இருந்து சராசரி தூரம் 2.65 வானியல் அலகு, அதாவது பூமி இருக்கற தூரத்தைப் போல ரெண்டே முக்கால் மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. கெப்ளர் சொன்ன மாதிரி 2.65ஐ மூணு தடவை எழுதிப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா அதோட வருஷம் வந்துரும், 4.3 வருஷம். நம்ம வருஷப்படி ஒரு சுத்துக்கு நாலு வருஷம் நாலு மாசம். பாதை வட்டமா இல்ல, நல்லா நசுங்கியிருக்கு, எவ்வளவு நசுங்கல்னு சொல்ற எக்சென்ட்ரிசிட்டி 0.27 கிட்ட. அதனால கிட்ட வர்றப்ப 29 கோடி கி.மீ., தள்ளிப் போறப்ப 50 கோடி கி.மீ. கிட்ட வர்றப்ப செகண்டுக்கு 24 கி.மீ. வேகத்துல பறக்கும், தூரத்துல போறப்ப 14ஆ இறங்கிடும். வெயிலும் அதே மாதிரிதான், கிட்ட இருக்கற இடத்துல கிடைக்கற வெயில்ல மூணுல ஒரு பங்குதான் தூரத்துல.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் வேற ஒண்ணு. பட்டையில 2.5 வானியல் அலகு தூரத்துல ஒரு பள்ளம் இருக்கு, 2.82ல ஒரு பள்ளம் இருக்கு. தரையில இருக்கற பள்ளம் இல்ல, அந்தத் தூரத்துல சுத்தற கல்லுங்களே கிட்டத்தட்ட இல்லாத காலி இடம். 1866ல டேனியல் கர்க்வுட் கவனிச்சது. 2.5ல சுத்தற கல்லு மூணு சுத்து வர்றதுக்குள்ள வியாழன் சரியா ஒரு சுத்து வரும், 2.82ல அஞ்சுக்கு ரெண்டு. இப்படிக் கணக்குப் பிசகாம திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இழுப்பு விழுந்தா, ஊஞ்சலை ஒவ்வொரு தடவையும் சரியான நேரத்துல தள்ளிவிடற மாதிரி, கல்லோட பாதை நீண்டுக்கிட்டே போய்க் கடைசியில பட்டையை விட்டே வெளியேறிடும். மதில்ட் இந்த ரெண்டு பள்ளத்துக்கும் நடுவுல பத்திரமா உக்காந்திருக்கு.

அடுத்து அதோட பொழுது. அதைப் பத்தித்தான் எனக்கு நிறையப் பேசணும்.

சிறுகோள் எல்லாம் பொதுவா தன்னைத்தானே ஒரு தடவை சுத்திக்க சில மணி நேரம்தான் எடுத்துக்கும், ஆறு மணி, பத்து மணி அந்த மாதிரி. மதில்டுக்கு 417.7 மணி நேரம். 17.4 நாள்! சூரியன் உதிச்சா அடங்க எட்டரை நாளுக்கு மேல ஆகும். 1885ல கண்டுபிடிச்ச கல்லுக்கு இந்த விஷயம் தெரிய வந்தது 1995லதான், நூத்திப்பத்து வருஷம் கழிச்சு. ஏன்னு பார்த்தா காரணம் ரொம்ப சாதாரணம். கல்லு உருண்டையா இல்லாததால சுத்தறப்ப பெரிய பக்கம் காட்டினா பிரகாசம் ஏறும், சின்னப் பக்கம் காட்டினா இறங்கும், இந்த ஏத்த இறக்கத்தை வெச்சுத்தான் சுழற்சியைக் கண்டுபிடிக்கறாங்க. ஒரு ராத்திரி முழுக்க எட்டு மணி நேரம் விடாமப் பார்த்தாலும் மதில்ட் திரும்பறது வெறும் ஏழு டிகிரி. கோடு கிட்டத்தட்ட மட்டமா போயிட்டே இருக்கும், பார்க்கறவன் இது உருண்டைக் கல்லு போலன்னு நெனச்சுட்டுப் போயிடுவான். 1995ல ஸ்டெஃபானோ மொட்டோலாவும் கூட இருந்தவங்களும் மாசக்கணக்குல ராத்திரி ராத்திரியா அளந்து, அந்தத் துண்டு துண்டான கோடுகளை எல்லாம் ஒட்ட வெச்சுத்தான் 17.4ங்கிற எண்ணைப் பிடிச்சாங்க. ஒரே அச்சுல ஒழுங்கா சுத்தாம கொஞ்சம் தள்ளாடுதோன்னு சந்தேகப்படற மாதிரியான சாடையும் அந்தக் கோட்டுல இருந்துச்சு.

அப்பவே அவசரமா அளந்ததுக்கு ஒரு காரணம் உண்டு. நியர்னு ஒரு விண்கலம் கிளம்ப ரெடியா இருந்துச்சு, ஈரோஸ்ங்கிற வேற ஒரு சிறுகோளுக்குப் போறதுதான் அதோட வேலை, போற வழியில மதில்டை எட்டிப் பார்த்துட்டுப் போகலாம்னு திட்டம். எட்டிப் பார்க்கப் போற வீட்டைப் பத்திப் பாதை தவிர ஒண்ணுமே தெரியாம எப்படிப் போறது?

சுழற்சிக்கே திரும்பறேன். அதோட இடுப்பைச் சுத்தி ஒரு ரவுண்டு வந்தா ஏறக்குறைய 166 கி.மீ. அதை 417.7 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 400 மீட்டர். அதாவது அதோட நடுக்கோட்டுல நின்னுக்கிட்டு, சூரியன் அஸ்தமிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா, மேற்கே பார்த்து மணிக்கு 400 மீட்டர் வேகத்துல நகர்ந்துக்கிட்டே இருந்தா போதும், சூரியன் அடங்கவே அடங்காது. அது நடக்கற வேகம்கூட இல்ல. தவழற குழந்தை அஸ்தமனத்தை முந்திடும்.

நடக்க முடியுமாங்கிறது வேற கேள்வி. ஈர்ப்பு பூமியில இருக்கறதுல ஆயிரத்துல ஒரு பங்கு. 60 கிலோ ஆள் அங்க 60 கிராம் கனம்தான் காட்டுவார். இங்க அரை மீட்டர் எம்பிக் குதிக்கத் தெம்பு இருக்கறவர் அங்க அதே தெம்போட குதிச்சா அரைக் கிலோமீட்டர் மேல போயிட்டு, திரும்பிக் காலு தரையில பட பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும். தப்பிக்கற வேகம் செகண்டுக்கு 23 மீட்டர், மணிக்கு 82 கி.மீ. வேகப்பந்து வீசறவர் யாராவது 140ல ஒரு பந்தைப் போட்டார்னா அது திரும்பி வராது, சூரியனைச் சுத்தற இன்னொரு சிறுகோளா ஆயிடும், நம்பர் கொடுக்க வேண்டியதுதான்.

இவ்வளவு மெதுவா ஏன் சுத்துதுங்கறதுக்குத் துணைக்கோள் ஒண்ணு இருந்து பிரேக் போட்டிருக்கலாம்னு ஒரு யோசனை முன்ன இருந்துச்சு. நியர் போனப்ப சுத்துவட்டாரத்துல நல்லாத் தேடினாங்க, நிலா மாதிரி ஒண்ணும் சிக்கல.

அந்தச் சந்திப்பு நடந்தது 1997 ஜூன் 27. விண்கலம் 1996 பிப்ரவரில கிளம்பினது, சோலார் பேனல்ல ஓடறது, மதில்ட் கிட்ட வர்றப்ப சூரியன்ல இருந்து ரெண்டு வானியல் அலகு தூரத்துல இருந்ததால வெயில் கால்வாசிதான். கரண்ட் பத்தல. அதனால இருந்த கருவிகள்ல கேமராவை மட்டும் ஆன் பண்ணினாங்க, மத்ததெல்லாம் தூங்கிட்டு இருந்துச்சு. கேமராவும் திரும்பற கேமரா இல்ல, கலத்தோட உடம்புலயே ஆணி அடிச்ச மாதிரி பொருத்தினது, பார்க்கற பக்கம் மாறணும்னா கலமே திரும்பணும். போன திசையும் ஒத்துழைக்கல, மதில்டோட இருட்டுப் பக்கமா வந்து சேர்ந்தாங்க, முதல்ல தெரிஞ்சது ஒரு மெல்லிசான பிறை, அதுவும் சூரியன் இருக்கற பக்கமாவே பார்க்க வேண்டிய நிலைமை. நூத்துக்கு நாலு வெளிச்சம் தர்ற ஒரு கல்லோட பிறையை எதிர்வெயில்ல தேடறது. செகண்டுக்கு 9.9 கி.மீ. வேகத்துல 1,212 கி.மீ. தள்ளிக் கடந்து போனாங்க. மொத்தம் 25 நிமிஷம். 500 படத்துக்கு மேல. இவ்வளவு நெருக்கடியில இவ்வளவு படம் வந்ததே பெரிய விஷயம்னு நான் சொல்வேன், யார் என்ன சொன்னாலும்.

அந்தப் படத்தை நீங்க பார்த்திருக்கலாம். நல்ல சாம்பல் நிறத்துல, விளிம்பெல்லாம் வெளுப்பா மின்னி, நடுவுல ஒரு பெரிய இருட்டுப் பள்ளத்தோட ஒரு கல்லு. அந்தச் சாம்பல் நிறத்தை நம்பாதீங்க, கண்ணுக்குத் தெரியணுமேன்னு பிரகாசத்தை ஏத்தி வெச்சது. நான் ஒரு தடவை ஸ்கிரீன்ல பக்கத்துல நிலாவோட படத்தை வெச்சு, நிலாவுக்கு நூத்துக்குப் பன்னெண்டு, இதுக்கு நூத்துக்கு நாலுன்னு அளவு வெச்சு மதில்டோட பிரகாசத்தை இறக்கிப் பார்த்தேன். வெளுப்பா மின்னின விளிம்பு முதல்ல போச்சு, அப்புறம் சின்னச் சின்னக் குழிங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கரைஞ்சு போச்சு, கடைசியில ஸ்கிரீன்ல ஒரு மொத்தையான கரி மாதிரி ஒரு உருவமும், அதுல அதைவிடக் கருப்பா ரெண்டு மூணு ஓட்டையும்தான் மிச்சம். ஸ்கிரீன் மேல இருந்த தூசி அதைவிட நல்லாத் தெரிஞ்சுது. நிலாவே ஒண்ணும் வெள்ளை இல்லைங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, அதுவே பழைய தார் ரோடு கலர்தான், ராத்திரி வானம் கருப்பா இருக்கறதால வெள்ளையாத் தெரியுது.

இவ்வளவு கருப்பு எப்படி வந்துச்சுன்னா, கரி நிறைய இருக்கறதால இல்ல. இதே வகையறாவைச் சேர்ந்ததா நெனைக்கற விண்கற்கள் பூமியில விழுந்து கிடைச்சிருக்கு, கார்பன் கலந்த கற்கள், அதுல கார்பன் ரெண்டு மூணு சதவீதம்தான். ஆனா அந்தக் கார்பனும், கூட இருக்கற காந்த இரும்புத் தாது, இரும்பு சல்ஃபைடு மாதிரி சமாச்சாரங்களும் மாவு மாதிரி நுணுக்கமா எல்லா இடத்துலயும் கலந்திருக்கு. வெள்ளை பெயிண்ட் டப்பாவுல ஒரு ஸ்பூன் கருப்பை ஊத்திக் கலக்கினவங்களுக்கு இது புரியும். உள்ள நுழைஞ்ச வெளிச்சம் நாலு துகள்ல பட்டு வெளிய வர்றதுக்குள்ள ஒரு கருப்புத் துகள்ல மாட்டிக்கும்.

விழுங்கின வெளிச்சம் சும்மா போகாது, சூடா மாறி அகச்சிவப்பு ஒளியா வெளிய வரும். கண்ணுக்கு மங்கலா இருக்கறவன் வெப்பக் கேமராவுக்குப் பளிச்சுன்னு தெரிவான். 1983ல ஐராஸ்னு ஒரு செயற்கைக்கோள் வானம் முழுக்க அகச்சிவப்புல பார்த்துச்சே, இந்த மாதிரி கருப்புச் சிறுகோள்களோட நிஜ அளவு நிறைய அதுலதான் வெளிய வந்துச்சு. கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் மட்டும்னா சின்ன வெளுப்பா பெரிய கருப்பான்னு குழப்பம், கூட சூட்டையும் அளந்தா குழப்பம் தீர்ந்துரும். எனக்கு அந்த ரெண்டு ராத்திரி போனதுக்கும் இதுதான் மருந்து, முதல்லயே அந்தப் பட்டியலைப் பார்த்திருந்தா 0.2 போட்டிருக்கவே மாட்டேன். சும்மா ஒரு உத்தேசக் கணக்குப் போட்டா, சூரியன் உச்சியில இருக்கற இடத்துல, கல்லு சூரியனுக்குக் கிட்ட வர்றப்ப தரை தண்ணி உறையற நிலையைத் தாண்டி 10 டிகிரி, 15 டிகிரி வரைகூட போகலாம், தூரத்துல போறப்ப அதே உச்சி வெயில்ல மைனஸ் 50 கிட்ட இருக்கும்.

சரி, காலிங்கற கதை.

கலம் கடந்து போறப்ப மதில்ட் அதை ஒரு சின்ன இழுப்பு இழுக்கும். எவ்வளவுன்னு கணக்கு போட்டுப் பார்த்தேன், கலத்தோட வேகம் மொத்தமே செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மாதிரிதான் மாறியிருக்கணும். செகண்டுக்குப் பத்து கிலோமீட்டர் போற வண்டியில ஒரு மில்லிமீட்டர்! அதைப் பூமியில உக்காந்துக்கிட்டு, கலத்துல இருந்து வர்ற ரேடியோ அலையோட அதிர்வெண் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு பார்த்துப் பிடிச்சுட்டாங்க. ஆம்புலன்ஸ் கிட்ட வர்றப்ப ஒரு சத்தம், தள்ளிப் போறப்ப ஒரு சத்தம்னு டாப்ளர் விளைவைப் பத்திப் படிச்சிருப்போமே, அதேதான். அதுல இருந்து நிறை வந்துச்சு, ஒண்ணுக்குப் பின்னாடி பதினேழு சைபர் போட்ட கிலோ, நூறு லட்சம் கோடி டன். படத்துல இருந்து உருவம் வந்துச்சு, 66க்கு 48க்கு 46 கி.மீ. நிறையைக் கன அளவால வகுத்தா ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம்.

1.3 ரொம்பக் கம்மி. தண்ணியே 1. மதில்ட் மாதிரி வகைக் கார்பன் விண்கல்லைக் கையில எடுத்து எடை போட்டா 2க்கு மேல, சிலது 2.5க்கும் மேல போகும். அப்ப அதே கல்லால ஆன ஒரு பெரிய கட்டி 1.3 காட்டுதுன்னா மீதி எங்க? மீதி இல்ல. காலி. கன அளவுல பாதி வரைக்கும் வெறும் இடம். நல்லா உலர்ந்த மணலைக் குவிச்சா அதுல துகளுக்கு நடுவுல காலியா இருக்கறது 40 சதவீதம் மாதிரி, மதில்ட் அதைவிடப் பொக்கை. ஒரே கல்லா இருக்க வாய்ப்பே இல்ல, பழைய மோதல்ல உடைஞ்சு சிதறின துண்டுங்க மறுபடி லேசா ஒண்ணு மேல ஒண்ணு வந்து உக்காந்த குவியல்னுதான் எடுத்துக்கணும். 53 கி.மீ. அகலத்துக்கு ஒரு இடிபாட்டுக் குவியல், அதுக்கு ஒரு பெண்ணோட பேரு.

இது தெரிஞ்சப்புறம் படத்துல இருக்கற பள்ளங்களைத் திரும்பப் பாருங்க. படம் எடுத்த பக்கத்துல மட்டும் 20 கி.மீ.க்கு மேல அகலமான குழி அஞ்சு இருக்கு, பெருசு 33 கி.மீ., கல்லோட சராசரி அகலமே 53தான். சாதாரணப் பாறையில இந்த மாதிரி ஒரு அடி விழுந்தாலே கல்லு தூள் தூளாப் போயிருக்கணும், தப்பிச்சாலும் அந்த அதிர்ச்சி உடம்பு முழுக்கப் பரவிப் பழைய குழிகளோட விளிம்பெல்லாம் சரிஞ்சு மழுங்கியிருக்கணும். இங்க அஞ்சும் ஒண்ணுக்கு ஒண்ணு தோள் உரச நிக்குது, ஒண்ணு விழுந்ததுல இன்னொண்ணுக்கு ஒரு கீறலும் இல்லாத மாதிரி. குழியில இருந்து வெளிய எறியப்பட்ட மண்ணு சுத்திலும் மூடிக் கிடக்கணுமே, அதுவும் பெருசா காணோம்.

டிவி வாங்கினா பெட்டிக்குள்ள வருமே தெர்மாகோல், அதுல கட்டை விரலால அழுத்திக் குத்திப் பாருங்க. விரல் அளவுக்குக் குழி விழும். தூள் பறக்காது. பக்கத்துல இன்னொரு குத்து விட்டா முதல் குழி அப்படியே இருக்கும், நடுவுல மெல்லிசா ஒரு சுவர் நிக்கும். அந்தக் குத்தோட வேகம் எல்லாம் அந்த இடத்துல இருக்கற காத்தறைகளை நசுக்கறதுலயே செலவாகிடும், அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேராது. ஒரு கண்ணாடி மேலயோ ஓடு மேலயோ அதே குத்தை விட்டா, குத்தின இடத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் விரிசல் ஓடும். 1999ல கெவின் ஹௌசன், கீத் ஹோல்சாப்பிள் குழுவினர் பொக்கையான பொருளைப் பெரிய சுழலியில வெச்சுச் சுத்தி, அது மேல வேகமா மோதவிட்டு இதைத்தான் காட்டினாங்க, நேச்சர் இதழ்ல வந்துச்சு. குழி தோண்டப்படறதில்ல, உள்ள அமுங்குது. சாய்வா வந்து மோதினதால மண்ணு வெளிய ஓடிப்போச்சுன்னு சொன்னவங்களும் உண்டு, எனக்கு என்னவோ அஞ்சு குழிக்கும் அஞ்சும் சாய்வாவே விழுந்துச்சுங்கறதை விட அமுக்கம்தான் நம்பற மாதிரி இருக்கு.

கெட்டியா இருந்திருந்தா இது இன்னிக்கு இருந்திருக்காது.

இதுல ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கு. 2022 செப்டம்பர்ல நாசாவோட டார்ட் கலத்தை, வேற ஒரு சிறுகோளைச் சுத்தி வர்ற டைமார்ஃபஸ்ங்கிற குட்டிக் கல்லு மேல வேணும்னே மோதவிட்டாங்களே, அந்தக் குட்டி பெருசைச் சுத்தி வர்ற நேரம் அரை மணிக்கு மேல குறைஞ்சதுக்குப் பெரிய காரணம் கலத்தோட இடி மட்டும் இல்ல, இடிச்ச வேகத்துல பின்பக்கமா சிதறிப் பறந்த மண்ணோட உதைப்பும்தான். பூமியை நோக்கி வர்ற கல்லு மதில்ட் மாதிரி பொக்கையா இருந்தா மண்ணே பறக்காது, அந்த போனஸ் உதைப்பு கிடைக்காது. மதில்ட் நம்ம பக்கம் வராது, செவ்வாயோட பாதையைக்கூட அது தொடறதில்ல, ஆனா அது வகையறாவுல சின்னதுங்க பூமி பக்கம் சுத்துது, ர்யுகு, பென்னு எல்லாம் இதே கருப்புதான், இதே நூத்துக்கு நாலு. ர்யுகு மண்ணு 2020லயும் பென்னு மண்ணு 2023லயும் டப்பாவுல அடைச்சு பூமிக்கே வந்து சேர்ந்துடுச்சு. அதுங்களும் இடிபாட்டுக் குவியல்தான்.

கருப்பு மேல் பூச்சு இல்லைங்கறதுக்கும் அந்தக் குழிங்கதான் சாட்சி. பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கின குழியோட உள்சுவர்லயும் நிறம் மாறல, வெளிய இருக்கற அதே கருப்பு, அதே பிரகாசம். பழத்தோல் மாதிரி மேல மட்டும் கருத்துப்போன கல்லா இருந்தா எங்கயாவது ஒரு வெளுப்புக் கோடு தெரிஞ்சிருக்கும்.

குழிகளுக்குப் பேர் வெச்சவங்களுக்கு நல்ல ரசனை. கருப்புக் கல்லாச்சேன்னு உலகத்துல இருக்கற நிலக்கரி வயல்களோட பேரா வெச்சுட்டாங்க. 33 கி.மீ. பெரிய குழி கரூ, தென்னாப்பிரிக்கா. அடுத்தது இஷிகாரி, ஜப்பான். குஸ்நெட்ஸ்க், எனுகு, லூப்ளின், ஒடாகோன்னு போகுது. மூணாவது பெருசு, 29 கி.மீ. கிட்ட, தாமோதர். ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் பக்கம் ஓடற அந்த தாமோதர் நதிப் பள்ளத்தாக்கோட நிலக்கரிதான். பலிசா கையால ஒரு சீதா, மதில்ட் மேல ஒரு தாமோதர், ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் எழுதாம இருக்க முடியல.

இந்தப் பேர்ப் பட்டியல் முழுசும் ஒரு பக்கத்துக்குத்தான். எடுத்த படங்கள்ல மதில்டோட மேற்பரப்புல 60 சதவீதம் மாதிரிதான் பதிவாச்சு. ஈரோஸைச் சுத்தி ஒரு வருஷம் இருந்த அதே கலம் அதோட மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்துச்சு, 2001 பிப்ரவரில அது மேல இறங்கியே விட்டுச்சு. இங்க கிடைச்சது 25 நிமிஷம். சாதாரணச் சிறுகோளா இருந்து ஆறு மணி நேரத்துல ஒரு சுத்து சுத்தியிருந்தா அந்த 25 நிமிஷத்துல 25 டிகிரி திரும்பியிருக்கும், ஓரத்துல ஒளிஞ்சிருந்தது கொஞ்சமாவது வெளிச்சத்துக்கு வந்திருக்கும். மதில்ட் அந்த நேரத்துல திரும்பினது மூணுல ஒரு டிகிரி. சிலை மாதிரி நின்னுருக்கு. இருட்டுல இருந்த பக்கம் கடைசி வரைக்கும் இருட்டுலயே இருந்துச்சு. அந்தப் பக்கத்துக்கும் விடிஞ்சிருக்கும், ஒரு எட்டு ஒன்பது நாள் கழிச்சு, ஜூலை முதல் வாரத்துல. அப்ப கலம் பல லட்சம் கிலோமீட்டர் தாண்டி ஈரோஸ் பக்கம் போயிட்டு இருந்துச்சு.